காது தெரியணும்

“காது தெரியணும்மா” என்று சொல்லிக்கொண்டே, முக்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முடியைச் சீப்பின் வால் நுனியால் காதுக்குப் பின்னால் ஒதுக்குகிறார் ஸ்டூடியோக்காரர். கை படாது, சீப்பு மட்டும்தான் படும். ஒதுக்கிவிட்டு இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து அந்தக் காதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத்தான் கேமராவுக்கு வருகிறார். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. போதும் போதும், தரையைத் தேட வேண்டாம். சிரிக்காதீங்க. இது அரசாங்கத்துக்குப் போற படம். அவங்களுக்குச் சிரிச்சுப் பழக்கமில்லை.” அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. முதல் படம் வீண். வருகிறவர்கள் எல்லோரிடமும் இதே வசனம், எல்லோருக்கும் முதல் படம் வீண். ஏன் இந்த வேண்டாத வேலை என்று ஒருநாள் கேட்டேன். “ஒரு தடவை சிரிச்சு முடிச்சாத்தான் தம்பி, முகம் சொந்த இடத்துக்கு வந்து உக்காரும்” என்றார்.

எங்கள் தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். பாஸ்போர்ட் படம், விண்ணப்பப் படம், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் படம் என்று முகத்தை விற்றே பிழைப்பு நடத்துகிறவர், முகத்தை நம்புவதில்லை. “முகத்தை மாத்திக்கலாம் தம்பி. அழுதா ஒண்ணு, கடன்காரனைப் பார்த்தா ஒண்ணு. காதை என்ன பண்ணுவே?” மச்சத்தை எடுத்துவிடுங்கள், கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். “இருக்கிறதை இல்லைன்னு சொல்றது என் வேலை இல்லை. அதுக்குன்னு தனியா ஆபீஸ் இருக்கு, அங்க போங்க.”

சிறு வயதிலேயே இடது கண் போய்விட்டது. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. “கேமராக்காரன் எப்படியும் ஒரு கண்ணை மூடத்தானே போறான், எனக்கு அந்தச் சிரமமும் மிச்சம்” என்பார். மிச்சமிருந்த அந்த ஒற்றைக் கண்ணுக்குள்தான் கொஞ்ச காலமாகப் புகை படிந்துகொண்டிருந்தது. படத்தைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார். கேட்டால் திரையில் தூசி என்பார். துடைத்த துணியை என்னிடம் நீட்டி, “பாரு, எவ்வளவு தூசி” என்பார். துணி வெள்ளையாக இருக்கும்.

ஊரார் காதையெல்லாம் வெளியே எடுத்துவிடுகிற இவருடைய காதை நான் பார்த்ததே இல்லை. நரைத்த முடியை இரண்டு பக்கமும் தோள்வரை தொங்கவிட்டிருப்பார். பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர், “அண்ணே, எனக்கும் பிள்ளைக்குட்டி இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது தலையைக் காட்டுங்க” என்று கும்பிடுவார். காரணம் தெருமுனையில் கம்பத்தின் மேல் இருக்கும் கண்காணிப்புக் கேமரா. காது கொடுத்தால் ஆளையே கொடுத்த மாதிரி என்பது அவர் கட்சி. அந்தக் கம்பத்தைத் தாண்டும்போது நல்ல வெயிலிலும் வெளிச்சமில்லாத மாலையிலும் குடை விரிப்பார். தாண்டியதும் மடக்கிவிடுவார்.

“அந்த டப்பாவுக்குள்ள ஒண்ணுமே இல்லை தம்பி, வெறும் கூடு. கேமரா வாங்கினதா கணக்கு எழுதிட்டுக் கூட்டை மாட்டிட்டுப் போயிருக்காங்க.”

“உள்ளே ஒன்றும் இல்லை என்றால் குடை எதற்கு அண்ணே?”

கொஞ்சம் யோசித்தார். “காலியா இருந்தாலும் அது பார்க்கத்தானே செய்யுது” என்றார்.

இவரோடு வாதம் செய்து வென்றவர்கள் யாரும் இல்லை. நான் முயன்று மூக்குடைபட்டவன்.

எல்லாம் அந்த ரயில் நிலையக் குண்டிலிருந்து தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். காலை நேரக் கூட்டத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன பை வெடித்தது. எங்கள் பகுதியிலும் சிலர் திரும்பி வரவில்லை. குண்டு வைத்தவன் இவன்தான் என்று மறுநாள் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து, அவனுடைய பழைய படம் என்று இன்னொன்று வந்தது. இரண்டையும் கத்தரித்துக் கடை மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். படம் எடுக்க வருகிறவர்கள் அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டும் அல்லவா? அப்போது பாடம் தொடங்கும்.

“முதல் படத்துல காதோட அடிமடல் கன்னத்தோட ஒட்டியிருக்கு. ரெண்டாவதுல தனியாத் தொங்குது. தாய் வயித்துல ஒட்டின மடல் பத்திரிகை ஆபீஸ்ல போயி பிரியுமா? இது ரெண்டும் ஒரே ஆளே இல்லை. அப்போ வெச்சது யாரு? யாருக்கு லாபம்? குண்டு வெடிச்சப்புறம்தானே கம்பத்துக்குக் கம்பம் டப்பா வந்தது? அப்புறம்தானே புது அடையாள அட்டை, விரலைக் குடு, கண்ணைக் குடு, காதைக் குடுன்னு ஆரம்பிச்சாங்க? அட்டைக்காகத்தான் தம்பி குண்டே.”

ஒருநாள் குனிந்து அந்தப் படங்களை நன்றாகப் பார்க்கலாம் என்று, கண்ணாடியின் மேல் நின்ற கோந்து பாட்டிலை நகர்த்தினேன். பேச்சு நிற்காமலே பாட்டிலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். “கோந்து அங்கதான் இருக்கணும், கை தன்னால போகும்” என்றார். வயதானவர்களின் பிடிவாதம் என்று விட்டுவிட்டேன்.

இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு விடுமுறை உண்டு. ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து கடைகடையாக ஊற்றிக்கொடுக்கும் அம்மாள் படியேறுகிற சத்தம் கேட்டால் போதும், எந்த இடத்தில் இருந்தாலும் பேச்சைக் கப்பென்று நிறுத்திவிட்டு, அன்றைய பத்திரிகையை விரித்துக் கண்ணாடியை மூடிவிடுவார். அந்த அம்மாளின் மகன் அன்று காலை நிலையத்தில் இருந்தவன். அவனுடைய சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவர் இவர்தான். இவனுக்கு மட்டுமல்ல, போனவர்களுடைய வீட்டிலிருந்து யார் எந்தத் துண்டுப் படத்தைக் கொண்டுவந்தாலும் உட்கார்ந்து பெரிதாக்கிக் கொடுத்தார். கிழிந்த படம், தண்ணீர் பட்ட படம், கூட்டத்தில் பின்வரிசையில் பாதி மறைந்த முகம் எல்லாம் வந்தன. அந்த அம்மாள் டீ ஊற்றும்போது இவர் வேறு ஆளாகிவிடுவார். “சர்க்கரை கம்மி போல இருக்கேம்மா” என்பார். “அண்ணனுக்குத் தினமும் கம்மிதான்” என்று அந்த அம்மாள் இன்னொரு வாய் ஊற்றுவார். அவர் இறங்கிப் போய் வெகுநேரம் வரை பத்திரிகை கண்ணாடியின் மேலேயே இருக்கும்.

அவர் சொல்வதில் முக்கால்வாசி எனக்குக் கிறுக்குத்தனமாகத்தான் படும். மிச்சத்துக்கு என்னிடம் பதில் கிடையாது. அந்த மிச்சம் ஒரு பெட்டி.

“குண்டு விஷயமா விசாரிக்கணும்னு போலீஸ்லேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. நல்ல மாதிரியாத்தான் பேசினாங்க. டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சாங்க. ‘அந்த ஆளு இந்தப் பக்கம் எங்கேயோ படம் எடுத்திருக்கான், உங்க நெகட்டிவ் எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துட்டுத் தந்துடறோம்’னாங்க. கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எடுத்த அத்தனையும் ஒரே மரப்பெட்டியில இருந்தது. கனம்னா கனம். அவங்களால முடியலையேன்னு நானும் ஒரு பக்கம் பிடிச்சு ஜீப்புல ஏத்திவிட்டேன். என் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்தவ, பையை முதுகுல போட்டுக்கிட்டே ஜீப் கதவைச் சாத்தாமப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஒரு வாரம் கழிச்சுப் போயிக் கேட்கிறேன். ‘எந்தப் பெட்டி?’ங்கறாங்க.”

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதே பதில். மரியாதையாக உட்கார வைத்து, விசாரித்து, உள்ளே போய்வந்து, அப்படி ஒரு பெட்டி வரவே இல்லையே என்பார்களாம். “தொலைச்சுட்டோம்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன் தம்பி. மனுஷன்னா தொலைக்கத்தான் செய்வான். நானே எத்தனை பேர் படத்தைத் தொலைச்சிருக்கேன். இவங்க இல்லவே இல்லைங்கறாங்களே! என் கையால தூக்கிக் குடுத்ததையே இல்லைங்கறவங்க, எனக்குத் தெரியாத விஷயத்துல எதைத்தான் சொல்ல மாட்டாங்க?”

பெட்டிக்குள் அவர் மனைவி இருந்தார். படம் என்றால் ஓட்டம் பிடிக்கிறவர் அந்த அம்மாள். கேமராவைத் தூக்கினாலே கை முகத்துக்குப் போய்விடும். ஏதோ விண்ணப்பத்துக்காக ஒரே ஒருமுறை அந்த முக்காலியில் உட்கார்ந்தார். எடுத்த பிரதி விண்ணப்பத்தோடு போனது, நெகட்டிவ் பெட்டிக்குள் போனது. குண்டு வெடிப்பதற்கு முந்தின வருஷம் நோயில் அவரும் போய்விட்டார். சாவகாசமாகப் பெரிதாக்கி மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார் இவர். யார் யார் முகமோ சுவர் முழுக்கச் சிரிக்கிற அந்தக் கடையில் மனைவியின் முகம் மட்டும் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. “அவ காது அப்படியே என் பொண்ணுக்கு வந்திருக்கு. அதை மட்டும் எந்த ஜீப்பாலயும் ஏத்திக்கிட்டுப் போக முடியலை” என்றார்.

அந்த மகள்தான் இன்றைக்கு அரசாங்கம். நான் வைத்த பெயர் அல்ல, அவர் வைத்தது. அடையாள அட்டை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வருகிறவர்களை உட்கார வைத்துப் படமெடுக்கிற கவுண்ட்டர், அப்பா செய்கிற அதே வேலை. உத்தரவு வந்த அன்று அவர் ஒரு வாய் சாப்பிடவில்லையாம். பிறகு சமாதானமாகி, அந்தப் பெயரை வைத்தார். மதியம் அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால், “அரசாங்கம் வருது, எல்லாரும் நிமிர்ந்து உக்காருங்க” என்பார். அவள் சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, “எதிர்க்கட்சி முதல்ல கையைக் கழுவட்டும்” என்பாள். “அரசாங்கம் இன்னிக்கு என்ன சமைச்சிருக்கு?” “சாப்பிட்டுப் பாருப்பா. ஆதாரம் இல்லாம நீதான் எதையும் நம்ப மாட்டியே.”

ஒருநாள் அப்படி அவள் வந்திருந்தபோது சிரிப்பில்லை. கண் டாக்டரிடம் போய்விட்டு வந்திருந்தார்கள். புரை முற்றிவிட்டது, ஆபரேஷனை இனியும் தள்ளினால் அந்த ஒற்றைக் கண்ணும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசு மருத்துவமனையில் செய்யலாம். ஆனால் புது அட்டை இருந்தால்தான் உள்ளே சேர்ப்பார்கள். ஊரே அட்டை எடுத்து முடித்தும் இவர் மட்டும் எடுக்கவில்லை.

“கண்ணுக்காகக் காதைக் குடுக்கணுமா? மாட்டேன்” என்று உள்ளறைக்குக் கைகழுவப் போய்விட்டார்.

“நீங்களாவது சொல்லுங்க சித்தப்பா” என்றாள் என்னிடம். நான் என்னத்தைச் சொல்ல? அந்த இரண்டு காதும் வேறு வேறாக இருப்பது எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது என்றேன். அவள் அந்தக் கோந்து பாட்டிலைத் தூக்கினாள். “சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம் இருக்கு பாருங்க.”

முதல் படத்தில் பாக்கெட் இடது மார்பில் இருந்தது. இரண்டாவது படத்தில், பாட்டில் நின்ற இடத்தில், வலது மார்பில் இருந்தது.

“பத்திரிகையில படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டுட்டாங்க. அது அந்தக் காது இல்லை சித்தப்பா, இன்னொரு காது. ஒரே ஆளுக்கு ரெண்டு காதும் ஒண்ணுபோல இருக்காதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அப்பாதான்.”

“அவரிடம் சொல்லவில்லையா?”

“சொல்லி? பெட்டி வந்துடுமா?” என்றாள். தண்ணீர் நிற்கிற சத்தம் கேட்டதும் பாட்டிலை அதே இடத்தில் வைத்துவிட்டாள்.

நெகட்டிவைத் தலைகீழாகவும் இடம்வலமாகவும் பார்த்தே வாழ்ந்த மனிதர் ஒரு சட்டைப் பாக்கெட்டைப் பார்க்காமலா இருந்திருப்பார்? பாட்டிலை அவர் அன்று எவ்வளவு அவசரமாகத் திருப்பி வைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இதுவரை நான் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

அதற்கப்புறம் அவள் கெஞ்சவில்லை, டப்பாவை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். அந்த மௌனத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. போன வாரம் ஒரு காலையில் என் வீட்டு வாசலில் குடையோடு நின்றார். “அந்த ஆபீஸ்ல என்ன கேமரா வெச்சிருக்காங்க, வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு ஒரு பார்வை பார்த்துட்டு வரலாம். பார்க்கத்தான் வர்றேன். உக்கார மாட்டேன்” என்றார். கண் சரியில்லாததால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தெருமுனையில் குடையை விரித்தபோது எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

அலுவலகத்தில் நீண்ட வரிசை. அவர் மகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்தாள். எதிரே ஒரு முக்காலி, அதற்குப் பின்னால் வெள்ளைத் திரை. அவளுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு அறையில் மேலதிகாரி. வரிசை நகர நகர இவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “விளக்கைத் தலைக்கு மேல மாட்டியிருக்கான். எல்லார் கண்ணுக்கடியிலும் குழி விழும். கொலைகாரன் மாதிரித்தான் வருவாங்க.” எங்கள் முறை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

“உக்காருங்க” என்றாள். வீட்டில் வா, போ என்று பேசுகிறவள்.

அவர் உட்காரவில்லை. முக்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பல வருஷமாக எத்தனையோ கவுண்ட்டர்களில் கேட்ட அதே குரலில் கேட்டார். “மேடம், என் பெட்டி எங்க?”

வரிசையில் இருந்த ஒருவர், “பெரியவரே, தொலைஞ்ச சாமானுக்கெல்லாம் இங்க இல்லை, கீழே போய்க் கேளுங்க” என்றார். இன்னொருவர் நேரமாகிறது என்று உச்சுக்கொட்டினார். கண்ணாடி அறைக்குள் இருந்த அதிகாரி தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தார். எனக்குக் காதுக்காரர்மேல் கோபமே வந்தது. பெற்ற மகளை, அவள் வேலை செய்கிற இடத்தில், நாலு பேர் முன்னால் இப்படி நிறுத்துவார்களா? அவளுக்கும் அந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? பள்ளிப் பையோடு ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை அவள்.

அவள் அதிகாரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து அட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“எடுத்துட்டுப் போனோம்பா” என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். “உங்க பெட்டியை நாங்கதான் எடுத்துட்டுப் போனோம். நாங்கதான் தொலைச்சோம். வரவே இல்லைன்னு சொன்னது பொய். எங்களை மன்னிச்சுடுங்க.”

அவர் அந்த ஒற்றைக் கண்ணால், புகைக்குள்ளிருந்து, மகளின் முகம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தடவிப் பார்த்து முக்காலியில் உட்கார்ந்தார்.

அவளும் உட்கார்ந்தாள். கேமராவைச் சரிசெய்தாள். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க” என்றாள். “போதும் போதும், தரையைத் தேட வேண்டாம்.” அப்புறம் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இரண்டு காதும் மறையாமல் இருக்க வேண்டும் என்று அவள் தலைக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அவர் சட்டைப் பாக்கெட்டிலிருந்து தன் சீப்பை எடுத்தார். அதன் வால் நுனியால் வலது பக்க முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். பிறகு இடது பக்கத்தையும் ஒதுக்கினார். வெயிலே படாத இரண்டு காதுகளோடு கேமராவைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்தார்.